‘ஹைட்ரலைஸ்டு’ பால் பவுடர்: பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு எது பாதுகாப்பு, எது ஆபத்து?

கைக்குழந்தைக்கு முதன்முறையாக பவுடர் பால் கொடுத்த அரை மணி நேரத்தில் உதட்டைச் சுற்றித் தடிப்பு. உடம்பெல்லாம் சிவந்து, குடித்தது அத்தனையும் வாந்தி. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், பரிசோதித்துவிட்டு ‘பசும்பால் புரத அலர்ஜி’ என்கிறார். சீட்டில் ஒரு ‘ஹைட்ரலைஸ்டு’ ஃபார்முலா பவுடரின் பெயரை எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் அந்தப் பவுடர் இல்லை. ‘இதுவும் ஹைட்ரலைஸ்டுதான், விலையும் குறைவு’ என்று வேறு டப்பாவை நீட்டுகிறார்கள்.

வாங்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்பதுதான் பதில். இரண்டு டப்பாவிலும் ஒரே வார்த்தை இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது ஒன்றல்ல. ஒன்று அலர்ஜி உள்ள குழந்தைக்கு உணவு, மற்றொன்று அதே குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு ஆபத்தாகலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று புரிய, பால் புரதத்தை என்சைம் கொண்டு எப்படி வெட்டுகிறார்கள், மெம்பரேன் வைத்து எப்படி வடிகட்டுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலர்ஜி வேறு, லாக்டோஸ் பிரச்னை வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘பால் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு பிரச்னைகள் இருக்கின்றன.

பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் போவது ஒன்று. வயிறு உப்பும், பேதியாகும். சிரமம்தான், ஆனால் அது அலர்ஜி இல்லை.

பாலில் உள்ள புரதத்தை நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துத் தாக்குவது இன்னொன்று. இதுதான் பால் அலர்ஜி. சில குழந்தைகளுக்குச் சில நிமிடங்களிலேயே தடிப்பு, முக வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். சிலருக்கு மெதுவாகத் தெரியும். மலத்தில் ரத்தம், தொடர் பேதி, எடை ஏறாமை என்று நாள்கணக்கில் இழுக்கும். மூச்சுத்திணறல் வந்தால் அது அவசர நிலை, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கைக்குழந்தைகளில் 2 முதல் 3 சதவிகிதம் பேருக்கு இந்த அலர்ஜி இருக்கலாம் என்பது மேலை நாடுகளில் நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2015-ல் வெளியான ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் பால் கொடுத்துப் பார்த்து உறுதிசெய்யப்பட்ட அலர்ஜி 0.54 சதவிகிதம்தான். அதாவது, சந்தேகிக்கப்படுபவை எல்லாம் அலர்ஜி அல்ல. அதனால்தான் பெற்றோரே முடிவு செய்யாமல் டாக்டர் உறுதிசெய்வது முக்கியம். பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர இது தானாகவே சரியாகிவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி.

நன்றாகக் காய்ச்சினால் போதாதா?

பாட்டிமார்கள் கேட்கும் நியாயமான கேள்வி. பதில், போதாது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த நீண்ட மாலை. அந்த மாலை பந்துபோலச் சுருண்டு கிடக்கும். பாலைக் காய்ச்சினால் சுருள் அவிழும், ஆனால் மாலை அறுந்துபோகாது. நோய் எதிர்ப்பு மண்டலம் பல இடங்களில் அடையாளம் காண்பது அந்த மணிகளின் வரிசையைத்தான். அந்த வரிசை அப்படியே இருக்கும்வரை அலர்ஜியும் இருக்கும். தயிரும் தீர்வு இல்லை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸைக் குறைக்கின்றனவே தவிர, புரதத்தைப் போதுமான அளவு உடைப்பதில்லை.

ஆட்டுப்பால்? பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவும் சேராது. இரண்டு பாலிலும் உள்ள புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. எருமைப்பாலும் அப்படித்தான்.

பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவிகிதம் கேசீன். பால் திரிந்தால் கட்டியாகப் பிரிந்து நிற்பது இதுதான். மீதி 20 சதவிகிதம், தெளிந்த நீரில் இருக்கும் வே புரதம். அந்த வே புரதத்தில் முக்கியமானது பீட்டா-லாக்டோகுளோபுலின். இது தாய்ப்பாலில் இயற்கையாகச் சுரப்பதே இல்லை. 162 மணிகள் கொண்ட மாலை, எடை சுமார் 18,300 டால்டன். டால்டன் என்பது மூலக்கூறுகளை எடைபோடும் அலகு. இந்தக் கட்டுரையில் அடுத்து வரும் எண்களை இந்த 18,300-உடன் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும்.

பப்பாளிக்காய் செய்யும் அதே வேலை

மட்டன் வேகவில்லை என்றால் இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடுவது நம் வீடுகளில் தெரிந்த வித்தை. பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் என்ற என்சைம் கறியின் புரத மாலைகளை அறுத்துவிடுகிறது. அதனால்தான் கறி பஞ்சாகிறது. இந்தப் பப்பெயினுக்குத் தொழிற்சாலைகளில் நல்ல தேவை உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5, கோ 6 போன்ற பப்பாளி ரகங்கள் பப்பெயின் எடுப்பதற்கு ஏற்றவை.

பால் புரதத்தை வெட்டுவதும் இதே அடிப்படையில்தான். ஆனால் இங்கே வெட்டு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். என்சைம்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. நம் கணையத்தில் சுரக்கும் ட்ரிப்ஸின், மாலையில் லைசின் அல்லது ஆர்ஜினின் என்ற மணி வரும் இடத்தில் மட்டும் வெட்டும். கைமோட்ரிப்ஸின் வேறு வகை மணிகளைப் பார்த்து வெட்டும். பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் சப்டிலைசின் பல இடங்களில் வெட்டும். ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் நீளமான துண்டுகள் மிஞ்சும். இரண்டு மூன்றைச் சேர்த்தால் துண்டுகள் சிறிதாகும். இந்தத் துண்டுகளுக்குப் பெயர்தான் பெப்டைடு. இப்படி வெட்டப்பட்ட புரதம்தான் ‘ஹைட்ரலைஸ்டு’ புரதம்.

தொழிற்சாலையில் வே அல்லது கேசீனைத் தண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெப்பத்தில் வைத்து, என்சைமைச் சேர்க்கிறார்கள். மணிக்கணக்கில் வெட்டு நடக்கும். எவ்வளவு வெட்டப்பட்டது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு இணைப்பும் அறுபடும்போது கரைசல் கொஞ்சம் அமிலத்தன்மைக்கு மாறும். அதைச் சமன்செய்ய எவ்வளவு காரம் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று அளந்தால், எத்தனை இணைப்புகள் அறுந்தன என்று கணக்கிட்டுவிடலாம். தேவையான அளவு வந்ததும் கரைசலைச் சூடாக்குவார்கள். சூட்டில் என்சைம் செயலிழந்து, வெட்டு நின்றுவிடும்.

பால் புரதத்தை இப்படி வெட்டிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் மீட் ஜான்சன் நிறுவனம் கேசீனை வெட்டித் தயாரித்த ‘நியூட்ராமிஜென்’ 1942-லேயே வந்துவிட்டது.

ஆர்.ஓ. ஃபில்டரின் உறவுக்காரர்

என்சைம் எவ்வளவு நன்றாக வெட்டினாலும் அதனால் எட்ட முடியாத சில மாலைகள் முழுசாகத் தப்பிவிடும். அலர்ஜி கடுமையாக உள்ள குழந்தைக்கு அந்தக் கொஞ்சமே போதும். அவற்றைப் பிடிப்பதுதான் மெம்பரேனின் வேலை.

சமையலறையில் உள்ள ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டரின் மெம்பரேனை நமக்குத் தெரியும். நடைமுறைக்கு ஏற்ற வேகத்தில் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் முதல் மெம்பரேனை உருவாக்கியவர்கள், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சிட்னி லோப், இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும். 1950-களின் இறுதியில் நடந்த வேலை அது. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா நகரில் அந்த முறையில் குடிநீர் தயாரிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேலே மெல்லிய அடர்த்தியான படலம், அடியில் தாங்கிப் பிடிக்கும் நுண்துளை அடுக்கு என்ற அவர்களின் அமைப்புதான் பின்னால் வந்த பல மெம்பரேன்களுக்கும் அடிப்படை.

துளையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் அது அல்ட்ரா ஃபில்டர். உப்பும் சிறு துண்டுகளும் தாண்டும், புரதம் தாண்டாது. உதாரணத்துக்கு, 10,000 டால்டன் எல்லை கொண்ட மெம்பரேன் வழியாக வெட்டிய கரைசலை அழுத்தத்தோடு செலுத்தினால் சிறிய பெப்டைடுகள் அந்தப் பக்கம் போய்விடும். 18,300 டால்டன் எடையுள்ள பீட்டா-லாக்டோகுளோபுலின் இந்தப் பக்கமே தங்கும். சுமார் 23,000 டால்டன் உள்ள ட்ரிப்ஸின் என்சைமும் தங்கிவிடும். இதையே சாதகமாக்கி, என்சைமைச் சூடாக்கி அழிக்காமல், வெட்டும் தொட்டியோடு மெம்பரேனை இணைத்துவிடும் முறையும் உண்டு. வெட்டுப்பட்டவை வெளியேறிக்கொண்டே இருக்கும், என்சைம் உள்ளேயே நின்று வேலையைத் தொடரும்.

காபி ஃபில்டரில் தூள் அதிகமாகி அடைத்துக்கொண்டால் டிகாஷன் இறங்காது அல்லவா? மெம்பரேனுக்கும் அதுதான் தலைவலி. அதனால் கரைசலை நேராக அழுத்தாமல், மெம்பரேனின் மேற்பரப்பை உரசியபடி வேகமாக ஓடவிடுகிறார்கள். ஓட்டம் படிவை அடித்துக்கொண்டு போகும். அப்படியும் படிபவற்றை ரசாயனம் கொண்டு கழுவ வேண்டும்.

அடுத்து நானோ ஃபில்டர். இதன் துளை இன்னும் சிறியது. பெப்டைடுகள் தங்கும், வெட்டும்போது சேர்த்த காரத்தால் உருவான உப்பில் பெரும்பகுதி நீரோடு வெளியேறும். கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அதிக உப்பு ஆகாது என்பதால் உப்பைக் குறைப்பது முக்கியம். கடைசியாகச் சூடான காற்றில் தூவி உலர்த்தினால் பவுடர்.

இவ்வளவு செய்தும் மெம்பரேனை மட்டும் நம்பிவிட முடியாது. 10,000 டால்டன் எல்லை என்றால், அந்த அளவுள்ள மூலக்கூறுகளில் சுமார் 90 சதவிகிதத்தைத் தடுக்கும் என்றுதான் அர்த்தம், நூறு சதவிகிதம் அல்ல. ஒல்லியான நீண்ட துண்டு நுழைந்துவிடலாம். மெம்பரேனில் சின்னக் கிழிசல் இருந்தாலும் போச்சு. எனவே முடிந்த பவுடரில் முழுப் புரதம் மிச்சமிருக்கிறதா என்று பரிசோதனைக் கூடத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கசப்பு ஏன்?

இந்தப் பவுடரை முதன்முதலில் கலக்கிக் கொடுக்கும் அம்மாக்கள் முகம் சுளிப்பதில் ஆச்சர்யம் இல்லை. வாசனையும் சுவையும் மோசம். கெட்டுப்போன பவுடரோ என்ற சந்தேகம்கூட வரும். புரதம் சுருண்டிருக்கும்போது, தண்ணீரோடு ஒட்டாத சில மணிகள் உள்ளே ஒளிந்திருக்கும். வெட்டியதும் அவை வெளியே வந்து நாக்கில் படும். அதுதான் கசப்பு. அதிகம் வெட்டிய பவுடர் பெரும்பாலும் அதிகம் கசக்கும். சில மாதக் குழந்தைகள் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள்தான் முரண்டு பிடிப்பார்கள். சுவைக்காக சர்க்கரையோ வேறு எதையோ நீங்களாகச் சேர்க்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

பாதி வெட்டு, முழு வெட்டு

இப்போது அந்த இரண்டு டப்பாக்களுக்கு வருவோம்.

‘எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரலைஸ்டு’ என்றால் மிக நுணுக்கமாக வெட்டப்பட்டது. இதில் பெரும்பாலான துண்டுகள் 3,000 டால்டனுக்கும் கீழே. பல தயாரிப்புகளில் 1,500-க்கும் கீழே. 1,500 டால்டன் என்றால் ஏறக்குறைய 13 மணிகள் உள்ள துண்டு. 162 மணி மாலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘பார்ஷியலி ஹைட்ரலைஸ்டு’ என்றால் பாதி வெட்டு. செரிமானம் எளிது என்ற பெயரில் விற்கப்படுவது. துண்டுகள் பெரியவை. வெட்டுப்படாத புரதமும் மிச்சம் இருக்கலாம். பால் அலர்ஜி உறுதியான குழந்தைக்கு இது சிகிச்சை உணவு அல்ல.

முழு வெட்டுக்கு ஒரு தேர்வும் இருக்கிறது. அலர்ஜி உறுதியான குழந்தைகளில் குறைந்தது 90 சதவிகிதம் பேர் இந்தப் பவுடரைத் தாங்குவார்கள் என்பதை 95 சதவிகித நம்பகத்தன்மையோடு நிரூபிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். புள்ளியியல் கணக்கில் சொன்னால், அப்படிப்பட்ட 29 குழந்தைகளுக்குக் கொடுத்து ஒருவருக்குக்கூட அலர்ஜி வராமல் இருக்க வேண்டும்.

90 சதவிகிதம் என்றால் மீதிப் பேர்? சில குழந்தைகளுக்கு 13 மணித் துண்டுகூட ஆகாது. அவர்களுக்கு மணிகளைத் தனித்தனியாகக் கலந்த அமினோ அமில ஃபார்முலா இருக்கிறது. அதில் பெப்டைடே கிடையாது. விலையும் அதிகம்.

1988: ஒரு வார்த்தை செய்த வினை

பாதி வெட்டுக்கு முழு வெட்டின் பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1988-ல் நெஸ்லேக்குச் சொந்தமான கார்னேஷன் நிறுவனம் ‘குட் ஸ்டார்ட் ஹெச்.ஏ.’ என்ற பவுடரை அங்கே அறிமுகப்படுத்தியது. வே புரதத்தைப் பாதி அளவு வெட்டிய தயாரிப்பு. ஹெச்.ஏ. என்பது ஹைப்போஅலர்ஜெனிக் என்பதன் சுருக்கம், அதாவது அலர்ஜியைத் தூண்டும் வாய்ப்பு குறைவானது. பால் அலர்ஜி உள்ள சில குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தபோது கடுமையான விளைவுகள் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்தன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விசாரணையில் இறங்கியது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லை நிறுவனம் கைவிட்டது.

பவுடரில் விஷமோ கலப்படமோ இல்லை. அலர்ஜி இல்லாத குழந்தைக்கு அது சாதாரண உணவு. அலர்ஜி உள்ள குழந்தையின் பெற்றோர், அந்தச் சொல்லை நம்பி வாங்கியதுதான் பிரச்னை ஆனது.

அலர்ஜி வராமல் தடுக்குமா?

‘குடும்பத்தில் யாருக்காவது அலர்ஜி இருந்தால், முன்னெச்சரிக்கையாக ஹைட்ரலைஸ்டு பவுடரே கொடுங்கள்’ என்ற அறிவுரையும் நீண்டகாலம் சுற்றிவந்தது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளில் ஒன்று, கனடாவின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரஞ்சித் சந்திரா 1989-ல் பிரிட்டனின் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியிட்டது. அவருடைய ஆய்வுகளின் நேர்மை குறித்துக் கேள்விகள் எழுந்து, பல்கலைக்கழகமே விசாரித்தது. ஆனாலும் அந்தக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2015-ல்தான். இடையில் கடந்தது 26 ஆண்டுகள்.

2016-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், 19,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 37 ஆய்வுகளை ஒன்றாக அலசி அதே இதழில் வெளியிட்டார்கள். ஹைட்ரலைஸ்டு ஃபார்முலா அலர்ஜியை வராமல் தடுக்கிறது என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. ஆக, அலர்ஜி வந்த குழந்தைக்கு முழு வெட்டுப் பவுடர் நிச்சயம் உதவும். அலர்ஜியே இல்லாத குழந்தைக்கு முன்னெச்சரிக்கையாக அதை வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை.

ஜிம் டப்பாவிலும் அதே வார்த்தை

உடற்பயிற்சி செய்பவர்கள் வாங்கும் ‘ஹைட்ரலைஸ்டு வே’ பவுடர், சருமத்துக்கு என்று விற்கப்படும் ‘கொலாஜன் பெப்டைடு’ எல்லாமே என்சைம் வெட்டில் வருபவைதான். பெரியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை அல்ல. சாதாரணப் புரதத்தையும் நம் வயிறும் குடலும் இதே என்சைம்களைக் கொண்டு வெட்டத்தான் போகின்றன. ஆனால் பால் அலர்ஜி உள்ள யாரும் ‘ஹைட்ரலைஸ்டு என்று போட்டிருக்கிறதே’ என்று நம்பி ஜிம் பவுடரைக் குடித்துவிடக் கூடாது. அது அலர்ஜிக்காகத் தயாரிக்கப்பட்டதும் இல்லை, அந்தத் தேர்வை எழுதியதும் இல்லை.

பெற்றோர் கவனத்துக்கு...

* முதல் தேர்வு தாய்ப்பால்தான். அலர்ஜி உள்ள குழந்தைக்கும் தாய்ப்பாலைத் தொடரலாம். அம்மா சாப்பிடும் பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலில் வரக்கூடும் என்பதால், தேவைப்பட்டால் அம்மா சில காலம் பால் பொருள்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். அதையும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். அப்போது அம்மாவுக்குக் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

* டாக்டர் எழுதிய பவுடர் கிடைக்கவில்லையா? வேறு டப்பாவை வாங்கும் முன் போனில் கேளுங்கள். லேபிளில் ‘எக்ஸ்டென்சிவ்லி’யா, ‘பார்ஷியலி’யா என்று பாருங்கள். வெறும் ‘ஹைட்ரலைஸ்டு’ என்றால் எவ்வளவு வெட்டப்பட்டது என்று தெரியாது.

* ‘லாக்டோஸ் ஃப்ரீ’ என்பது வேறு விஷயம். சர்க்கரையை நீக்கியிருப்பார்கள், பால் புரதம் முழுசாகவே இருக்கலாம்.

* சில தயாரிப்புகளில் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைப் பயன்படுத்துகிறார்கள். மத, உணவுப் பழக்கம் சார்ந்த தயக்கம் இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாற்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.

* குழந்தைப் பால் பவுடர்களுக்கு விளம்பரம் செய்வதும், இலவச சாம்பிள் கொடுப்பதும், டப்பாவில் குழந்தைப் படம் போடுவதும் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். யாராவது ‘சாம்பிள்’ என்று பவுடரை நீட்டினால் வாங்க வேண்டாம்.

* ஒருமுறை அலர்ஜி வந்த குழந்தைக்கு, ‘இப்போது சரியாகியிருக்குமோ’ என்று வீட்டில் பால் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அதற்கான நேரத்தையும் இடத்தையும் டாக்டர் முடிவு செய்யட்டும்.